மறந்துபோன வைஃபை பாஸ்வேர்டு பழைய போனுக்குள்ளேயே இருந்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முதல் பதிவு

வணக்கம். நேற்று இரவு நடந்ததை எழுதிவிட்டு, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்கத்தான் இந்தத் திரி.

அம்மாவுக்குப் புதுப் போன் வந்தது. வீட்டு வைஃபையில் இணைக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. 4 வருடத்துக்கு முன்னால் அதை வைத்தது அண்ணன். அவன் இருக்கும் நாட்டில் அப்போது நடுச்சாமம். "தூங்குற பிள்ளையை இதுக்குப் போய் எழுப்பாதே" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் இல்லை. ஆனால் அம்மாவின் பழைய போன் அதே வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்காமலே இணைகிறது என்றால் பாஸ்வேர்டு அதற்குள் இருக்கத்தானே வேண்டும்? பழைய போனிலேயே ஸ்பீக்கரைப் போடச் சொல்லி ஆரம்பித்தேன்.

"செட்டிங்ஸ்ல வைஃபைக்குள்ள போங்கம்மா. நம்ம வீட்டு பேருக்குப் பக்கத்துல ஏதாவது சின்னம் இருக்கா?"

"பல்லுச்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கு."

"அதைத் தொடுங்க. என்ன வருது?"

"மூணு வருது. ஃபர்கெட், டிஸ்கனெக்ட், ஷேர். மறந்துபோச்சுன்னுதானே தேடுறோம், ஃபர்கெட்டைத் தொட்டுரவா?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கான பொத்தான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது போனையே மறக்கச் சொல்லும் பொத்தான். தொட்டிருந்தால் வீட்டில் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே இடமும் காலி. ஷேரைத் தொடச் சொன்னேன். விரல்ரேகை கேட்டது, வைத்தார். கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பாஸ்வேர்டு.

அதைப் பார்த்துப் பார்த்து புதுப் போனில் அடித்தார். ஏற்கவில்லை. இரண்டாவது தடவையும் ஏற்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். ஒரு வட்டம் வந்த இடத்தில் நின்றுவிட்டார். "இது பூஜ்ஜியமா, ஓவா கண்ணு?" எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம்தான் அடிக்கவே தேவையில்லை என்று உறைத்தது. புதுப் போனில் வைஃபை பட்டியலின் அடியில் 'ஆட் நெட்வொர்க்' வரியின் ஓரத்தில் ஒரு சின்ன கியூஆர் சின்னம் இருக்கும். அதைத் தொட்டுப் பழைய போனுக்கு நேராகக் காட்டச் சொன்னேன். இரண்டு நொடி. "வந்துருச்சு" என்றார்.

ஆண்ட்ராய்டு 10-இல், அதாவது 2019-இல், வந்த வசதி இது. இத்தனை வருடம் கையிலேயே இருந்திருக்கிறது.

பதில் 1

உங்கள் அம்மா போனில் கோடுக்குக் கீழே பாஸ்வேர்டு எழுத்தாகவே வந்தது நல்ல விஷயம். எல்லா போனிலும் வராது. என் போனில் கியூஆர் கோடு மட்டும்தான் வந்தது. போனுக்குப் போன் என்றால் அது போதும். நான் இணைக்க வேண்டியிருந்தது ஒரு பிரிண்டரை. அதற்குக் கேமரா ஏது? அம்புக்குறியை மேலும் கீழும் தட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டிய ஜாதி அது.

கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை ஸ்கேனரில் திறந்தேன். சில ஸ்கேனர்கள் பாஸ்வேர்டை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். என்னுடையது உள்ளே இருந்த வரியை அப்படியே கொட்டியது. பயந்துவிடாதீர்கள், அதில் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. முதலில் 'வைஃபை' என்று இருக்கும். 'எஸ்' போட்டு முக்காற்புள்ளிக்குப் பிறகு வருவது நெட்வொர்க்கின் பெயர், 'டி'க்குப் பிறகு பாதுகாப்பு வகை, 'பி'க்குப் பிறகு வருவதுதான் பாஸ்வேர்டு. ஒவ்வொன்றும் அரைப்புள்ளியில் முடியும்.

நான் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். எங்கள் பாஸ்வேர்டுக்குள்ளேயே ஒரு அரைப்புள்ளி இருந்தது. 'இது பாஸ்வேர்டின் பகுதி, முடிவு இல்லை' என்று காட்டுவதற்காக அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்த்துத்தான் கோடுக்குள் எழுதுவார்கள். அது தெரியாமல் அந்தச் சாய்வுக்கோட்டையும் சேர்த்து பிரிண்டரில் அடித்துக்கொண்டே இருந்தேன். அதை விட்டுவிட்டு அடித்ததும் பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் பாஸ்வேர்டில் அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி இருந்தால் இதைக் கவனியுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டி ஆல்பத்திலிருந்தும் சேர்த்து. கேலரி தானாகக் கிளவுடுக்கு ஏறுகிற போனில் அந்தப் படம் உங்கள் வீட்டுச் சாவியின் அச்சு.

பதில் 2

ஐபோன் வைத்திருப்பவர்களுக்காக என் கதை.

ஐஓஎஸ் 16-இல்தான், 2022-இல்தான், ஆப்பிள் இந்தக் கதவைத் திறந்தது. செட்டிங்ஸ், வைஃபை, நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ'. உள்ளே பாஸ்வேர்டு என்ற இடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். தொட்டால் முகத்தையோ விரலையோ கேட்டுவிட்டுக் காட்டும், காப்பியும் செய்யலாம். இப்போது இணைந்திருக்காத பழைய நெட்வொர்க் வேண்டுமென்றால் வைஃபை பக்கத்தின் மேல் மூலையில் 'எடிட்'. அங்கே இதுவரை சேமித்த எல்லாமே வரிசையாக இருக்கும். ஐஓஎஸ் 18 வந்த பிறகு 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனி ஆப்பே இருக்கிறது, அதில் வைஃபைக்கென்று ஒரு பிரிவு.

எனக்கு வந்த சிக்கல் வேறு. பாஸ்வேர்டு இருந்தது என் மாமியாரின் பழைய ஐபோனில். அது ஐஓஎஸ் 15-ஓடு நின்றுபோனது, அதற்கு மேல் ஏறாது. அதில் பார்க்கும் வழியே இல்லை. என் கணவர் ரவுட்டரை ரீசெட் செய்துவிடலாம் என்று ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். "இருங்க, ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்றேன்.

2017-இல் ஐஓஎஸ் 11-இலேயே பக்கத்தில் இருக்கும் ஐபோனுக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்கிற வசதி வந்துவிட்டது. இரண்டு போனிலும் வைஃபையும் புளூடூத்தும் ஆனில் இருக்க வேண்டும், பர்சனல் ஹாட்ஸ்பாட் ஆஃப். முக்கியமான இன்னொன்று, ஒருவருடைய ஆப்பிள் கணக்கு மின்னஞ்சல் மற்றவருடைய கான்டாக்ட்ஸில் இருக்க வேண்டும். அத்தையின் போனில் என் நம்பர் மட்டும்தான் இருந்தது, மின்னஞ்சல் இல்லை. அதனால்தான் முதலில் ஒன்றுமே வரவில்லை. அதைச் சேர்த்துவிட்டு, என் போனில் அந்த நெட்வொர்க்கைத் தொட்டேன். அத்தையின் திரையில் 'ஷேர் பாஸ்வேர்டு' என்று எழும்பியது. "உனக்குக் குடுக்கவான்னு கேக்குதும்மா" என்று சிரித்துக்கொண்டே தொட்டார். என் போன் இணைந்தது. இணைந்தால் அது என் போனிலும் சேமிப்பாகிவிடும் அல்லவா? என் போன் புதிது, அதில் 'ஐ' தொட்டுப் பாஸ்வேர்டை எழுத்தாகவே படித்துவிட்டேன். தானே காட்ட முடியாத போன், காட்டத் தெரிந்த இன்னொரு போனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

ஊசி திரும்பவும் தையல் டப்பாவுக்குள் போனது.

பதில் 3

அந்த ஊசி விஷயத்துல நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். ரவுட்டர் பின்னாடி இருக்கிற ரீசெட் ஓட்டையைப் பத்து நொடி அழுத்தினா வைஃபை பாஸ்வேர்டு மட்டும் போகாது. பல இணைப்புகள்ல இணைய நிறுவனம் குடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டுன்னு தனியா ஒண்ணு ரவுட்டருக்குள்ள இருக்கும். அதுவும் சேர்ந்து போயிரும். எங்க வீட்ல அதான் நடந்தது. வைஃபை வந்திருச்சு, இன்டர்நெட் வரலை. வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவ நான். ரெண்டு நாள் போன் டேட்டாவுல ஓட்டினேன். தயவுசெஞ்சு அது கடைசி வழின்னு வச்சுக்கோங்க.

அதுக்கு முன்னாடி, ஏற்கெனவே இணைஞ்சிருக்கிற ஒரு போனோ கம்ப்யூட்டரோ இருந்தா பிரவுசர்ல ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பாருங்க. பெரும்பாலும் 192.168.1.1 இல்லேன்னா 192.168.0.1. அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சா உள்ள போய்ப் பார்க்கலாம், மாத்தவும் செய்யலாம். ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிற லேபிள்லயும் பாஸ்வேர்டு இருக்கும், ஆனா அது கம்பெனி வச்சது. வீட்டுல யாராவது மாத்தியிருந்தா அது உதவாது.

பதில் 4

எனக்கு நேர்ந்ததும் இதே வகைதான், ஆனால் போனில். வைஃபை அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. போன் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர் 'நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணுங்க' என்றார், செய்தேன். அதனால் சேமித்த வைஃபை எல்லாமே அழியும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. அக்கா வீடு, நான் பகுதி நேரம் வேலை பார்க்கும் இடம், எங்கள் வீடு, எல்லாம் ஒரே தட்டில் போய்விட்டது.

வீட்டுப் பாஸ்வேர்டைக் காப்பாற்றியது மடிக்கணினி. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், அதில் வைஃபை, பிறகு இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸ். அங்கே 'வியூ வைஃபை செக்யூரிட்டி கீ' என்று இருக்கும். பழைய விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், வைஃபை பெயரைத் தொட்டு வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி பக்கத்தில் 'ஷோ கேரக்டர்ஸ்' என்பதில் டிக் போட்டால் புள்ளிகள் எழுத்தாகிவிடும்.

போனில் எதையும் ரீசெட் செய்யும் முன் ஒரு தடவை பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

பதில் 5

இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். 'சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டையும் ஒரே தொடலில் காட்டுகிறோம்' என்று விளம்பரம் செய்யும் ஆப்களை இறக்காதீர்கள். என் தம்பி இறக்கினான். இருப்பிடம் கேட்டது, கான்டாக்ட்ஸ் கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி என்று கொடுத்தான். பாஸ்வேர்டு ஒன்றுகூட வரவில்லை. விளம்பரம்தான் வந்தது, பூட்டின திரையின் மேலேகூட.

வராததற்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு இந்தப் பாஸ்வேர்டுகளை சிஸ்டத்துக்கு மட்டுமே திறக்கிற ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. பிளே ஸ்டோரில் இருந்து இறக்கும் சாதாரண ஆப் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ரூட் செய்த, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்த போனில் மட்டுமே முடியும். 'அப்போ ரூட் பண்ணிடுறேன்' என்றான் தம்பி. பெரும்பாலான போனில் ரூட் செய்ய முதலில் பூட்லோடரை, அதாவது போனைத் தொடங்கி வைக்கும் மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும், திறக்கும்போதே போன் முழுவதும் அழியும். நாம் தேடுகிற அந்தப் பாஸ்வேர்டும் அதோடு போய்விடும். இதைக் கேட்டபிறகுதான் நிறுத்தினான்.

இன்னொரு வகை ஆப், ஊர்ப்பட்ட வைஃபை பாஸ்வேர்டுகளைப் பயனர்களிடமிருந்தே வாங்கி எல்லோருக்கும் பகிர்வது. அப்படிப்பட்ட ஒரு ஆப்பின் தரவுத்தளம் 2019-இல் பாதுகாப்பே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகளின் பாஸ்வேர்டுகள், அதில் வீட்டு வைஃபைகளும் ஏராளம். செட்டிங்ஸில் இலவசமாக இருப்பதற்கு இந்த விலையா?

பதில் 6

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், எனக்கு இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். அலுவலகத்தில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கிற வைஃபைக்கு ஷேர் பொத்தான் வராது. அது உங்கள் ஒருவருடைய கணக்கு. விடுதிகளில் இணைந்த பிறகு பிரவுசரில் ஒரு பக்கம் வந்து அறை எண் கேட்குமே, அதிலும் தேட ஒன்றும் இல்லை, போனில் பாஸ்வேர்டே சேமிப்பாகியிருக்காது.

பதில் 7

எனக்குப் போனில் பாஸ்வேர்டு கிடைத்தது, ஆனால் வேலை செய்யவில்லை. ஒரு நாள் முழுக்க புரியவில்லை. விசாரித்தால், சித்தப்பா 3 மாதத்துக்கு முன்பே ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். நான் அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. என் போனில் இருந்தது பழைய சாவி. போன் காட்டுவது கடைசியாக அதற்குச் சொல்லப்பட்டதைத்தான். அதனால் இப்போது உண்மையிலேயே இணைந்திருக்கும் போனில் பாருங்கள். சும்மா 'சேவ்டு' என்று இருப்பதை நம்பி உட்கார வேண்டாம்.

இன்னொன்றையும் மனதார எழுதுகிறேன். அடுத்தவர் போனை 'ஒரு கால் பண்ணிக்கிறேன்' என்று வாங்கி இதைப் பார்க்காதீர்கள். சித்தப்பா பாஸ்வேர்டை மாற்றியதே அப்படி ஒருவர் எடுத்துக்கொண்டு போனதால்தான். கேட்டால் அவரே கொடுத்திருப்பார். போனுக்குத் திரைப் பூட்டு போடாமல் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே போட்டுவிடுங்கள், ஏனென்றால் ஷேரைத் தொடும்போது போன் கேட்பது அந்தப் பூட்டைத்தான்.

முதல் பதிவிட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பின்சாய்வுக்கோடு விஷயம் எனக்குப் புதிது. ரீசெட் பற்றி எழுதிய சகோதரிக்குத் தனி நன்றி, கியூஆர் வழி உறைத்திருக்காவிட்டால் நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

காலையில் அண்ணனே கூப்பிட்டான். அந்த வட்டம் பூஜ்ஜியம்தானாம். அம்மா அதை வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். பெரிய பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார். பூஜ்ஜியத்துக்கு நடுவில் மட்டும் பேனாவை அழுத்தி ஒரு புள்ளி.