சாஞ்சி ஸ்தூபிக்கு வாசலே இல்லையா?

கேள்வி: சாஞ்சியில் பெரிய ஸ்தூபியை முழுக்கச் சுற்றி வந்தேன், உள்ளே நுழைய வழியே காணோம். நான்கு பக்கமும் தோரண வாயில் எதற்கு? ஜப்பானில் கூரை அடுக்கடுக்காக எழும் கோபுரமான பகோடாவும் இதன் வாரிசாம், கொஞ்சம்கூட ஒட்டவில்லையே?

பதில் 1: உள்ளே இடமே கிடையாது, முழுக்கக் கெட்டியான கட்டுமானம். புனிதத் தாதுவை, அதாவது எலும்பு, சாம்பல் போன்ற எச்சத்தை, மூடிய மேடு அது. அதை வலம் வருவதுதான் வழிபாடு. தோரணம் அந்தச் சுற்றுப்பாதைக்குள் நுழையத்தான். அசோகர் காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், செங்கல்லில் சிறியதாக இருந்தது. பிறகு கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். சுற்றியுள்ள கல்வேலியைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? குறுக்குக் கற்களைத் தூணில் துளையிட்டுச் செருகியிருக்கிறார்கள். தச்சன் மரத்தில் செய்வதை அப்படியே கல்லில்! இன்னொன்று, பக்கத்து ஊரான விதிஷாவின் தந்தச் சிற்பிகள் செதுக்கியதாகத் தெற்குத் தோரணத்தில் கல்வெட்டே உண்டு. எனக்கு ஸ்தூபியைவிட அந்த வரிதான் பெரிசு.

பதில் 2: பகோடாவின் உச்சியைப் பாருங்கள். கூரைமேல் நிற்கும் உலோகக் கம்பத்தின் அடியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும், அதுதான் நம் ஸ்தூபியின் அரைக்கோள மேடு. மேலே அடுக்கடுக்கான வளையங்கள் சாஞ்சி ஸ்தூபியின் உச்சியில் இருக்கும் கல்குடைகள். ஜப்பானின் ஹோரியூஜி கோயில் பகோடாவில் நடுத்தூணின் அடியில் தாதுவையும் வைத்திருக்கிறார்கள்.

கேட்டவர்: அட, ஸ்தூபியையே தூக்கிக் கூரைமேல் வைத்துவிட்டார்களா! சரி, சாஞ்சிச் சிற்பங்களில் புத்தர் உருவமே கண்ணில் படவில்லையே?

பதில் 1: தோரணங்களில் தேடாதீர்கள். போதிமரம், வெற்று ஆசனம், பாதச்சுவடு, இவைதான் அங்கே புத்தர்.