அனுபவப் பகிர்வு: வாய்க்காலில் எடுத்த குப்பையை எங்கே கொட்டினார்கள் தெரியுமா?

கடைமடைப் பெண்:

மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறப்பதை டிவியில் காட்டினால் எங்கள் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். தண்ணீர் கல்லணைக்கு வர வேண்டும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாற்றில் வருவது தென்பெரம்பூரில் மறுபடி பிரிந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று இன்னொரு தடவை பிரியும். அதற்கப்புறம் முறை வைத்து விடுவார்கள். எல்லாம் முடிந்து எங்கள் வாய்க்காலை எட்டும்போது முதலில் வருவது நுரை, அதன் பின்னாலேயே பைகளும் பாட்டில்களும். அப்பா, வயலுக்குத் தண்ணீர் பாயும் குமிழி வாயில் பழைய வலைத்துண்டைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் போய் அள்ளிப் போட்டுவிட்டு வருவார். இதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. மேலேயிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

இந்த வருடம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்கு எங்களை அனுப்பியது அந்த 'மேலே' இருக்கிற ஓர் ஊருக்கு. ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாமணியாற்றுப் பாசனம், எங்கள் ஊருக்கு வெகுதூரம் மேலே. மார்ச் மாதம், சம்பா அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்து கிடந்த நேரம்.

முதல் வேலையே வாய்க்கால் சுத்தம். நெய்வேலி காட்டாமணக்கு இரண்டு கரையிலும் அடைத்து நின்றது. அதன் தண்டுகள்தான் குப்பையை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தன. வேரோடு பெயர்க்க நண்பன் ஒருவன் மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டினான். வெட்டுவாய் அப்படியே சுவர் மாதிரி நின்றது. ஒரு விரற்கடை வண்டல், அதன் கீழே கசங்கிய கேரி பை, மறுபடி வண்டல், மறுபடி பை. ஒவ்வொரு வருடத் தண்ணீரும் தன் பங்குக்கு ஒரு அடுக்கு வண்டலைப் போட்டுப் போயிருக்கிறது. இந்த வண்டலை நம்பித்தான் டெல்டாவே இருக்கிறது. நடுவில் இருந்த ஒரு பையை இழுத்தேன், அதில் ஜவுளிக்கடையின் பெயர் இன்னும் படிக்கிற மாதிரி இருந்தது.

மேலே கிடந்தவற்றில் கல்யாண மண்டபக் கழிவு அதிகம்: பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர், தண்ணீர் பாக்கெட். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. எங்கள் சாக்கில் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் இருப்பவை. அப்புறம் குழந்தைகளின் டயபர். அதற்குத் தடையில்லை, அதை என்ன செய்வதென்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவுமில்லை. நனைந்து ஊதிப்போய், வாய்க்கால் காய்ந்த பிறகும் அது மட்டும் காயாமல் கிடந்தது. நிறையப் பேர் அதைத் தொட மறுத்தார்கள்.

தொட்டது ஊராட்சியின் தூய்மைக் காவலர் அக்கா. காலனியில் இருப்பவர். எங்களுக்குக் கையுறை கொடுத்திருந்தார்கள், அவரிடம் இல்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தபோது, "வேணாம் பாப்பா, ஈரத்துல வழுக்கும். பழகிப்போச்சு" என்றார். பழகக் கூடாத ஒன்றை ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்வதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது காலைத் திருப்பிக் காட்டினார். குதிகாலுக்கு முன்னால், உள்ளங்கால் வளைவில், ஒரு நீளத் தழும்பு. நடவில் இறங்கியபோது சேற்றுக்குள் கிடந்த பாட்டில் கிழித்தது. "நாத்து முடிய எடுத்துக்கிட்டு எறங்குனா, கால வச்சுத் தடவிப் பாத்துட்டுத்தான் அழுத்துவோம். நடவாளுங்க எல்லாருக்கும் எங்கயாச்சும் ஒரு கிழிசல் இருக்கும்." ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன நாளுக்கும் கூலி போச்சு என்றார். நடவு இருந்தால் இந்த வேலையைவிட அதில்தான் கூலி கூட, ஆனால் நடவு இப்போது மெஷினுக்குப் போகிறது, அதனால்தான் இதில் இருக்கிறேன் என்றும் சொன்னார். நீலகிரியில் 2022இல் நீதிமன்றம் சொல்லிக் காலி மதுப்பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. யானையும் மானும் மிதிக்கக் கூடாது என்று காட்டுக்காக யோசித்தது நல்ல காரியம். வயலில் வெறுங்காலோடு இறங்கும் பெண்களுக்காக அதை அன்றைக்கே இங்கும் கொண்டுவந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஊராட்சி டிராக்டர் வந்தது. ஏற்றி முடித்ததும் டிரைவர் அண்ணனிடம் எங்கே போகிறது என்று கேட்டேன். "வழக்கமா கொட்டுற எடந்தாம்மா." நானும் இரண்டு தோழிகளும் சைக்கிளில் பின்னாலேயே போனோம்.

அந்த வழக்கமான இடம் காலனிக்குப் பின்னால், வடிகால் வாய்க்காலின் கரை. அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போகும் பாதையும் அதுதான். இரண்டு பக்கமும் குப்பை ஏறி, பாதை இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. பாடையை நாலு பேர் தோளில் எப்படித் தூக்கிப் போவார்கள் என்று நின்று யோசித்தேன். அங்கே வந்த ஒரு தம்பி சொன்னான், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன்: "அப்ப மட்டும் ஒரு பக்கம் தீ வச்சிடுவாங்கக்கா." எரிந்த கருப்பு, வடிகாலுக்குள் பாதி சரிந்து நின்றது. அந்த வடிகால் பாமணியாற்றில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கிற வடிகால் அது. அடைத்தால் மேலே சம்பாப் பயிர் மூழ்கும், உடைத்துக்கொண்டு போனால் எல்லாம் எங்கள் ஊருக்கு வரும். மேலத்தெரு வாய்க்காலில் எடுத்ததைக் காலனி வடிகாலில் போட்டிருக்கிறார்கள், சுத்தம் என்று அதற்குப் பெயர்.

அன்றிரவு எங்கள் திட்ட அலுவலர் சாரிடம் சொன்னோம். அவர் மறுநாள் காலையிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு ஊராட்சிக்கு வந்தார். அங்கிருந்தவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்: "வேற எடம் இல்லம்மா. மேலத்தெருப் பக்கம் போட்டா சண்டைக்கு வந்துடுவாங்க." யார் சண்டைக்கு வர மாட்டார்களோ அவர்கள் வாசலில்தான் போடுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் பாடத்தில் மாசு, அதன் வகைகள், விளைவுகள் என்று படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். யாருடைய குப்பை யாருடைய தெருவுக்குப் போகிறது என்று அதில் ஒரு கேள்வி வந்ததில்லை. எனக்கு இனிமேல் முதல் கேள்வி அதுதான்.

மார்ச் 22, தண்ணீர் நாள் கிராம சபை. முகாம் முடிந்திருந்தாலும் சிலர் திரும்பப் போனோம். நாங்கள் வெளியூர், பேச உரிமையில்லை என்று ஒருவர் சொன்னார், நியாயம்தான். தூய்மைக் காவலர் அக்கா எழுந்தார். "நான் அள்ளுறேன், எங்க வூட்டுப் பொணம் போற பாதையில நானே கொட்டுறேன். இத எழுதுங்க" என்றார். கொஞ்ச நேரம் சத்தம். அப்புறம் எழுதினார்கள்: புதிதாக அங்கே கொட்டக் கூடாது, ஊர் மத்தியில் இருக்கிற புறம்போக்கில் பிரிக்கும் கொட்டகை போட வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, டயபர் மாதிரியானவை தனி என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். பழைய குவியலை யார் எடுப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து மக்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதன் பலன் அது, எனக்கு அதில் பெருமை உண்டு. குழாய் பதிக்க வந்தவர்களைத் தடுத்த அதே கைகளால் இந்த வாய்க்காலையும் காப்பாற்ற முடியும் என்று நம்புகிறேன். உங்கள் ஊரில் குப்பை எங்கே போகிறது? பின்னாலேயே போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

அலையாத்தி:

முத்துப்பேட்டைப் பக்கம். பாமணியாறும் கோரையாறும் வந்து விழுவது எங்கள் காயலில்தான், அதனால் நீங்கள் எழுதியதன் மிச்சத்தை நான் எழுதுகிறேன். ஜாம்புவானோடையில் படகு ஏறிப் போனால் காட்டின் ஓரத்தில் அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நிற்கும். நீர் வற்றும் நேரத்தில் பாருங்கள், வேருக்கு வேர் பை கோத்திருக்கும். மரத்திலிருந்து விழுந்த விதை சேற்றில் படாமல் ஒரு பையின் மேலேயே கிடந்து காய்ந்ததைப் போன வருடம் பார்த்தேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் இந்தக் காடு பட்ட அடி கொஞ்சமில்லை. திரும்ப எழுவதே ஒவ்வொரு விதையாகத்தான். அப்பா மீன்பிடிக்கிறார். வலையை உதறி ஆய்ந்தெடுக்கவே முன்பைவிட நேரம் ஆகிறது என்பார்.

நீடாமங்கலத்து விவசாயி:

தங்கச்சி, கோபப்படாமல் கேட்டுக்கொள். தலைமடைக்காரன் எல்லாம் வேண்டுமென்றே போடுகிறான் என்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்ததே சமீபத்தில்தான். அதுவும் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. கொல்லையில் குழி வெட்டிப் போடு என்பார்கள், மாட்டுச் சாணத்துக்கும் வைக்கோலுக்கும் சரி, பால் பாக்கெட்டை எந்தக் குழியில் போடுவது? கடைக்காரன் கொடுக்கிறான், வாங்காமல் வர முடியவில்லை. ஆனால் சுடுகாட்டுப் பாதை விஷயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். இதுவரை அந்தப் பக்கம் நான் போனதில்லை.

விடுதி மாணவி:

டயபரைச் சொன்னவர்கள் நாப்கினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு தங்கியிருந்த ஒரு விடுதியில் எரிக்கும் மெஷின் வைத்திருந்தார்கள், அது ஓடி நான் பார்த்ததில்லை. பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் வாய்க்கால். இருட்டியபின் தாளில் சுற்றி வீசுவதுதான் பழக்கம். வார்டனிடம் கேட்கக் கூச்சம், எல்லோருக்கும். இப்போது இருக்கும் இடத்தில் நாங்கள் சேர்ந்து கேட்டு மூடி போட்ட தனித் தொட்டி வாங்கினோம். பெண்கள் வெட்கப்படாமல் கேட்டால்தான் இது நடக்கும்.

வெண்ணாற்றங்கரை:

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்ரஸில், அதாவது ஆற்றுத் தண்ணீரை அளந்துவிடும் மதகில், கதவைத் தூக்குவதும் இறக்குவதும் என் வேலை. ஐப்பசி மழையில் ஆகாயத்தாமரை மந்தையாக வந்து கதவில் அடையும். அது பழைய தொல்லை, துரட்டிக் கம்பால் இழுத்துவிடுவோம். பின்னாளில் அதற்குள் பிளாஸ்டிக்கும் துணியும் சேர்ந்து பின்னிக்கொண்டு வந்தது. துரட்டி மாட்டினால் வராது. இடுப்பில் கயிறு கட்டி இறங்கித்தான் அறுக்க வேண்டும். ஒருமுறை ராத்திரியில் கதவு பாதியில் நின்றுவிட்டது, கரையோர வீட்டுக்காரர்கள் விளக்கோடு ஓடி வந்தார்கள். எடுத்தது ஒரு மெத்தை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊரே கூடி வாய்க்காலைத் தூர்வாரிக் குடிமராமத்து செய்தது என்று மேடையில் பேசுகிறார்கள். எங்கள் அப்பா பண்ணையாளாக இருந்தவர். 1952இல் தஞ்சை ஜில்லாவுக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் வெகுநாள் அவர் நிலைமை மாறவில்லை. வாய்க்காலில் இறங்கி வெட்டியது அவரும் அவரைப் போன்றவர்களும். மற்றவர்கள் கரையில் குடை பிடித்து நின்றதை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். பழையபடி ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், இறங்கப் போவது யார் என்று கேளுங்கள் அம்மா. நீ டிராக்டர் பின்னால் போனது சரி.

கடைமடைப் பெண்:

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மெத்தை என்றதும் தலையாட்டினார், எங்கள் ஊர் வரைக்கும் தலையணை வந்திருக்கிறதாம்.

விவசாயி அண்ணா, வண்டி வராத ஊரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கம் போனதில்லை என்று எழுதினீர்களே, ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் கிராம சபையில் நீங்கள் எழுந்து சொன்னால் வெளியூர்க்காரர் என்று யாரும் உட்காரச் சொல்ல முடியாது. அடுத்தது மே 1.

அந்தப் பழைய குவியல் இன்னும் வடிகால் கரையில்தான் கிடக்கிறது. தண்ணீர் வருவதற்குள் எடுத்தாக வேண்டும். ஊராட்சியில் டிராக்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், டீசல் செலவைக் கல்லூரியில் பேசிக்கொண்டிருக்கிறோம். கையுறை, பூட்ஸ் இரண்டும் முதலில் தூய்மைக் காவலர்களுக்கு, அப்புறம்தான் எங்களுக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். மேலத்தெருவிலிருந்து இரண்டு வீட்டுப் பையன்கள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இருப்பவர்களில் மே மாதக் கடைசியில் யார் யார் வர முடியும்?