பார்பி ஏலம்: புதுப்பிப்பு

நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த பார்பி பொம்மைகளை ஈபேயில் ஏலம் விடலாமா, முதுகுப் பக்கம் 1966 என்று இருப்பதால் நல்ல விலை போகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாம் விற்றாகிவிட்டது.

முதலில் அந்த 1966. அது தயாரித்த வருடம் இல்லை, அந்த உடல் வடிவமைப்புக்கான பதிப்புரிமை வருடம். 1990களில் வந்த பொம்மைகளிலும் அதே எண் இருக்கும். கூடவே எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஜப்பான் என்றிருந்தால் பழசு. மலேசியா, சீனா, இந்தோனேசியா என்றால் பெரும்பாலும் பிந்தையது.

எங்களிடம் ஜப்பான் பொம்மை ஒன்று இருந்தது, குதிரைவால் கொண்டைக்காரி. காதோரம் பச்சை. பழைய கம்மலின் உலோகம் வினைலில் இறங்கி வரும் கறை அது. அதையே பெரிதாகப் படம் எடுத்துப் போட்டேன். குறைந்த தொடக்க விலைதான், ஆனால் கடைசி நிமிடத்தில் விறுவிறுவென்று ஏறியது! மறைத்திருந்தால் திரும்பித்தான் வந்திருக்கும்.

கிறிஸ்துமஸை ஒட்டி வருடாவருடம் வந்த சிறப்புப் பொம்மைகளான ஹாலிடே பார்பிகளில், பெட்டி பிரிக்காத 1990களின் பொம்மைகளுக்கு ஏலம் வேண்டாம். எல்லோரும் பத்திரப்படுத்தி வைத்த சரக்கு, விலை நிற்காது. மொத்தமாக நிலையான விலைக்குக் கொடுத்தேன். விலை வைக்கும் முன் விற்று முடிந்தவற்றின் பட்டியலைப் பாருங்கள், கேட்கும் விலையை இல்லை.

குட்டிச் செருப்புகளுக்குக்கூட தனியாக ஆள் வந்தது. இப்போது மிச்சம் பார்பியின் ஜோடியான ஆண் பொம்மை கென் மட்டும்தான். வேண்டுமென்றால் சொல்லுங்கள்.