கெர்னல் மாற்றியதும் சத்தம் போச்சு, கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள்

எங்கள் ஊர் பந்தலூர் பக்கம் கொளப்பள்ளி. அப்பாயி இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்து, டான்டீ என்னும் அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் பேசுவதை போனில் பதிவு செய்து, லேப்டாப்பில் ஹெட்போன் போட்டுக் கேட்டு எழுதி வைக்கிறேன். அதில் சத்தம் இல்லை என்றால் என் வேலை அங்கேயே நின்றுவிடும்.

என்னுடையது உபுண்டு 22.04, லினக்ஸில் ஒரு வகை. அதன் மையப் பகுதியான கெர்னல் 6.5-இலிருந்து 6.8-க்குப் போக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நெட் இழுத்து இழுத்துத்தான் வரும், அதனால் கூடலூரில் இருக்கும் சித்தி மகனிடம் சொல்லி, தேவையான டெப் ஃபைல்களை (உபுண்டுவின் இன்ஸ்டால் ஃபைல்கள்) பென்டிரைவில் ஏற்றி வாங்கி வந்து நானே போட்டேன். எந்த எரரும் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சத்தம் இல்லை. சவுண்ட் செட்டிங்கில் ஸ்பீக்கர் பெயர் இருந்த இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் நின்றது. வைஃபையும் வரவில்லை. அதை நான் மழையின் கணக்கில் எழுதிவிட்டேன், அங்கேதான் தப்பு.

ஆடியோ மிக்சரில் மியூட் எடுத்துப் பார்த்தேன், சத்தத்தைக் கையாளும் பல்ஸ்ஆடியோவை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்து ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, சவுண்ட் சிப் போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். நேற்று மாலை வரை பாடிய சிப் ஒரே ரீஸ்டார்ட்டில் எப்படிச் சாகும்? மனசு ஒப்பவில்லை, திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி, ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனைத் தட்டி, எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய 6.5-ஐத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் வந்தது, கூடவே வைஃபையும் வந்தது! மழைக்கும் சிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் பஸ் காசும் ஒரு நாளும் மிச்சம்.

திரும்பவும் 6.8-இல் ஏறி, டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ மைனஸ் கே' (lspci -k) கொடுத்தேன். ஆடியோ டிவைஸ் பட்டியலில் தெளிவாக இருந்தது, அதாவது சிப் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதன் கீழே எந்த டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது என்று காட்டும் வரி மட்டும் இல்லை. உபுண்டுவில் கெர்னல் ஒரே பொட்டலமாக வருவதில்லை. இமேஜ் தனி, டிரைவர்கள் அடங்கிய மாட்யூல்ஸ் தனி, மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா தனி. சவுண்ட், வைஃபை டிரைவர்கள் பெரும்பாலும் அந்த எக்ஸ்ட்ராவில்தான் இருக்கின்றன. நாங்கள் பென்டிரைவில் ஏற்றியது முதல் இரண்டும்தான். எக்ஸ்ட்ரா இல்லாமலும் கெர்னல் பூட் ஆகிவிடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூல் ஃபோல்டர் தனித்தனி, அதனால்தான் பழையது அதே மெஷினில் நன்றாக ஓடியது.

அப்புறம் நேரம் ஆகவில்லை. பழைய கெர்னலில் இருந்துகொண்டே, போன் ஹாட்ஸ்பாட்டில், 6.8-இன் முழு வெர்ஷன் எண்ணுக்குப் பொருந்தும் எக்ஸ்ட்ரா பேக்கேஜை, உபுண்டுவில் பேக்கேஜ் போடும் ஆப்ட் கட்டளை மூலம் போட்டேன். எண் ஒரு புள்ளி மாறினாலும் உதவாது, அதை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி மகனின் லேப்டாப்பில் முன்பு வந்த டம்மி அவுட்புட் வேறு கதை. அவனுடையது இன்டெல், கெர்னல் எஸ்ஓஎஃப் என்ற புது சவுண்ட் டிரைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்காமல் நின்றிருந்தது. மாட்யூல் ஆப்ஷனில் பழைய எச்டிஏ டிரைவருக்கு மாற்றியதும் ஸ்பீக்கர் பாடியது, ஆனால் உள்ளே இருக்கும் மைக் போய்விட்டது. ஃபர்ம்வேர் பேக்கேஜைச் சரியாகப் போட்ட பிறகுதான் இரண்டும் வந்தன. அதனால் டம்மி அவுட்புட் என்றதும் ஒருவர் சொன்ன மருந்தை அப்படியே குடிக்காதீர்கள், முதலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் (dmesg) என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

பழைய கெர்னலை நீக்கிவிடும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுக்கும் முன் புதிய கெர்னலில் சத்தம், வைஃபை, மைக் மூன்றையும் சோதிக்கிறேன் இப்போது. அன்றைக்கு 6.8-இல் முதலில் திறந்தது, இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் பற்றிய பதிவு. "பேசுறேனே, கேக்குதா?" என்று அப்பாயி ஆரம்பிக்கிறார்.