பூஜு பாண்டனின் 'டில் ஷைலோ': பக்தி எந்தப் பாட்டில் இருக்கிறது?

ரிதம்பித்தன்:
ஜமைக்கப் பாடகர் பூஜு பாண்டனின் 'டில் ஷைலோ' 1995-இல் வந்தது. இதை ரஸ்தஃபாரி (ஜமைக்காவில் பிறந்த ஒரு சமய இயக்கம்) ஆல்பம் என்கிறார்கள். ஆனால் 'சாம்பியன்' சுத்தமான ஆட்டப்பாட்டு! தலைப்பும் புரியவில்லை. பைபிளின் ஆதியாகமத்திலிருந்து எடுத்தது என்கிறார்கள், ஆதியாகமத்தில் ஷைலோ என்ற சொல்லையே காணோம்.

மூன்றாம்கட்டை:
49:10-ஐப் பாருங்க. தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் பெயர் மறைஞ்சு, 'சமாதான கர்த்தர் வருமளவும் செங்கோல் யூதாவைவிட்டு நீங்குவதுமில்லை' என்று இருக்கும். கிங் ஜேம்ஸ் பதிப்பில் அந்த இடத்தில்தான் ஷைலோ. முந்தைய வசனத்தில் யூதா பாலசிங்கம். 1930 நவம்பர் 2-இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலே செலாசிக்கும் 'யூதா கோத்திரத்துச் சிங்கம்' என்றே பட்டம். அவரைத் தெய்வமாகக் கருதும் ரஸ்தாக்கள் (ரஸ்தஃபாரி வழி நடப்பவர்கள்) இரண்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். ஜமைக்கப் பேச்சில் 'டில் ஷைலோ' என்றால் என்றென்றைக்கும். நம்ம 'சூரிய சந்திரர் உள்ளவரை' மாதிரி.

பேஸ்பைத்தியம்:
பக்தியை வரிகளில் மட்டும் தேடாதீங்க, தாளத்திலும் இருக்கு. 'டில் ஐம் லெய்ட் டு ரெஸ்ட்' கேளுங்க, நையபிங்கி என்ற ரஸ்தா வழிபாட்டு மேளத்தின் நடை. அந்த மரபில் மூன்று மேளம்: துணி சுற்றிய கோலால் அடிக்கும் பெரிய பேஸ், இதயத்துடிப்பு போல இரண்டிரண்டாக விடாமல் போகும் ஃபுண்டே, மேலே கற்பனையாக வாசிக்கும் ரிப்பீட்டர். போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும், பாட்டு வெறும் கோரஸாக நிற்கும். ஹெட்போன் கட்டாயம். அடுத்து 'அன்டோல்ட் ஸ்டோரீஸ்'. அக்கூஸ்டிக் கிட்டாரை நம்பி நிற்கும் பாட்டு. பூஜுவின் அந்தக் கரகரத்த குரல் எவ்வளவு தூரம் மாறியிருக்கு என்று அதில்தான் தெரியும்.

மூன்றாம்கட்டை:
'சாம்பியன்' ஏன் என்ற கேள்வி விட்டுப்போச்சு. டான்ஸ்ஹாலில், அதாவது ஜமைக்க ஆட்ட இசையில், முதலில் தனித்தனி சிங்கிளாகத்தான் பாட்டு வரும், ஆல்பம் பிறகு. இதிலும் பல தயாரிப்பாளர்கள். 'மர்டரர்' 1993-இல் பான்ஹெட் என்ற டீஜே (ஜமைக்காவில் தாளத்தின் மேல் பேசிப் பாடுபவர்) சுட்டுக் கொல்லப்பட்டதற்கு எதிர்வினை. 'கம்ப்ளெயின்ட்'டில் கூடப் பாடும் கார்னெட் சில்க் 1994 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ஒரே மூச்சில் எழுதிய பக்திமாலை இல்லை இது. மாறிக்கொண்டிருந்த ஒருவருடைய இரண்டு மூன்று வருடம். 'ஒன்லி மேன்' பக்தியில் சேராது, தாண்டிப் போகலாம். 'சாம்பியன்' தாண்டாதீங்க, அது பாவம்!

ரிதம்பித்தன்:
தமிழ் பைபிளில் தேடியதுதான் தப்பு. ஹெட்போன் மாட்டியாச்சு.