மண்டபம் கரையில் கார்ட்டென் சிலையா?

கடலோரத்தான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "மன்னார் வளைகுடா கடல் பூங்காவின் வரலாற்றை மண்டபம் கரையில் உலோகச் சிலைகளாக வைக்கலாம். கார்ட்டென் எஃகு போதும். மேலே இறுகிப் படியும் துருவே அதற்கு பெயின்ட், பராமரிப்பே வேண்டாம்." பராமரிப்பே வேண்டாமாம்! எங்கள் தெருவில் கேட் கீல்கூடத் தாங்குவதில்லை. கார்ட்டெனில் துரு இறுக வேண்டுமென்றால் நனைந்து நனைந்து காய வேண்டும். உப்புக்காற்று இறுக விடாது, உரிந்துகொண்டே இருக்கும்.

கலைக்கண்: எழுதியது நான்தான், நேராகவே திட்டலாம். இங்கிலாந்தில் 'வடக்கின் தேவதை' சிலை 20 மீட்டர் உயரம், கார்ட்டென்தான். 1998 முதல் நிற்கிறது.

கடலோரத்தான்: அது ஊருக்குள் மேட்டில் நிற்கிறது ஐயா. அலை தெறிக்கும் இடத்திலா?

கலைக்கண்: 1914-இல் திறந்த பாம்பன் பாலம் என்ன மரமா?

கடலோரத்தான்: அதற்கு பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் அரிப்பு விடவில்லை, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025-இல் புதுப் பாலமே திறந்தாகிவிட்டது. "பராமரிப்பே வேண்டாம்" என்றீர்களே, அதற்குப் பதில்?

கீழக்கரைக்காரி: சிலை எதைச் சொல்லப்போகிறது என்று யாராவது கேட்டீர்களா? 1986-இல் பூங்கா அறிவிப்பதற்கு முன்பே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அள்ளினார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முழுகியே போயின. அதை வையுங்கள். பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போக முடியாமல் நின்ற பெண்களையும் வையுங்கள்.

கலைக்கண்: என் சிலை வரைபடத்தில் ஆவுளியா, அதான் கடல்பசு, இருக்கிறதே, பார்க்கவில்லையா?

கடலோரத்தான்: பார்த்தேன். வாலை மீன் வால் மாதிரி செங்குத்தாக நிறுத்தியிருக்கிறீர்கள். ஆவுளியா வால் ஓங்கில் (டால்பின்) வால்போலப் படுக்கையாக இருக்கும். கடலைப் பார்க்காதவர் வரைந்தால் இப்படித்தான்.

கலைக்கண்: அது கலைஞனின் சுதந்திரம். நான் பிறந்ததே தங்கச்சிமடத்தில்.

ராமேஸ்வரம் பையன்: எல்லாம் மண்டபத்துக்கேவா? தனுஷ்கோடிக்கு ஒன்றும் கிடையாதா?

கடலோரத்தான்: தம்பி, அங்கே இன்னும் சீக்கிரம் உதிரும். 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு என்றால் பேசலாம், அதில் உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் இருக்கிறது. அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கலைக்கண்: விலை தெரியுமா? போன வருஷம் விளக்குக் கம்பப் பேச்சிலும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள்.

கடலோரத்தான்: அந்தக் கம்பங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வால், விலை எல்லாம் இருக்கட்டும். "பராமரிப்பே வேண்டாம்", அதை வாபஸ் வாங்குகிறீர்களா இல்லையா?

கலைக்கண்: சிலை வந்தபிறகு பேசலாம்.

கீழக்கரைக்காரி: பூவரசன்பட்டி பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

கடலோரத்தான்: அம்மா, முதலில் துருவுக்குப் பதில் வரட்டும்.