லூபஸ் உள்ள தங்கையின் கர்ப்பத் திட்டம்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, மைக்கோபீனோலேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகிய மாத்திரைகளை எடுத்துவரும் என் தங்கை, குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறாள். மைக்கோபீனோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தி அசதியோபிரினுக்கு மாற வேண்டும் என்றும், நோய் 6 மாதமாவது அடங்கியிருக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார். வெயில் பட்டால் கன்னங்கள் சிவந்து, காலையில் விரல்களை மடக்க முடியாமல் அவள் தவிப்பதை நேரில் பார்த்தும், கருவுற்றால் எந்த மாத்திரையும் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே பிடியாக நிற்கிறார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடர்வதே நோய் மீண்டும் தலைதூக்காமல் காக்கும் என்பதை அவர்கள் ஏற்க மறுப்பதுதான் என் பெருங்கவலை. இதே நிலையைக் கடந்த சகோதரிகள், மருந்து மாற்றியபோது சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர்ப் புரதம் கூடியதா, வீட்டாருக்கு எப்படிப் புரியவைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.